கடைசியாகப் பார்த்த நாள்

(குன்னூரில், மார்ச் மாத நடுவில், வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்னைப் பேச அழைத்த நண்பர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பறவைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். பட்டியல் மட்டும் படிக்காதீர்கள்" என்றார். பறவை பார்க்கிறவர்களின் வியாதி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்.

உங்கள் வீட்டில் ஆறேழு மாதம் ஒரு விருந்தாளி தங்குகிறார். தொந்தரவு இல்லாத மனிதர். திண்ணையில் உட்கார்ந்திருப்பார், தன் வேலையைப் பார்ப்பார். ஒருநாள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார். அவர் எந்தத் தேதியில் போனார் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? "நேற்றுக்கூடப் பார்த்தேனே" என்பீர்கள். உங்கள் வீட்டுக்காரம்மா, "நேற்றா? அவர் போய் ஒரு வாரம் ஆயிற்று" என்பார்.

எனக்கு அப்படி ஒரு விருந்தாளி உண்டு. கேத்திப் பக்கம் கேரட் கழுவும் இடத்திலிருந்து ஓர் ஓடை இறங்குகிறது. ஓடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பாதி சாக்கடைதான். அதன் கரையில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் வாக்கில் ஒரு சாம்பல் வாலாட்டி வந்துவிடும். முதுகு சாம்பல், அடிவயிறு மஞ்சள், உடம்பில் பாதி வால். அந்த வால் ஒரு நொடி சும்மா இருக்காது. மேலும் கீழும், மேலும் கீழும். கல்லிலிருந்து கல்லுக்குத் தாவி, நீர்மேல் பறக்கும் பூச்சியை எட்டிப் பிடிக்கும். கேரட் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டடி தள்ளி நடந்தாலும் பொருட்படுத்தாது. இமயத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்த பறவை, ஓடையில் ஐம்பது அறுபது கஜத்தைத் தனக்கென்று வளைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் இன்னொரு வாலாட்டியை அங்கே அண்டவிடாது.

அது வந்த நாள் என் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறது. புதிதாக ஒன்று வந்தால் கண்ணில் படும், அன்றே எழுதிவிடலாம். ஆனால் போன நாளை அன்றைக்கே எழுத முடியாது. ஒரு நாள் காணோம் என்றால் கீழே எங்கேனும் போயிருக்கும் என்று நினைப்போம். இரண்டாம் நாள் மழைமூட்டம். மூன்றாம் நாள் நமக்கு வேறு வேலை. ஒரு வாரம் கழித்துத்தான் "ஓ, போய்விட்டது" என்று உறைக்கும். அப்புறம் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டி, எந்த நாளில் கடைசியாகப் பார்த்தோம் என்று தேட வேண்டும். இன்று நான் பேச வந்தது இந்தக் கடைசி நாளைப் பற்றித்தான். குளிர் போய் வேனில் வரும் இந்தச் சில வாரங்களில் மலையில் பறவை பார்ப்பது என்றால், என் அனுபவத்தில், இல்லாமல் போவதைக் கவனிக்கப் பழகுவதுதான்.

மாணவர்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம் நினைவிருக்கும். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். இப்போது நாம் இருப்பது பின்பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சமவெளியில் பழமொழி சொல்வார்கள். இங்கே நமக்கு மச்சு மட்டுமா, எலும்பையும் துளைக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் புல்வெளியை வெள்ளை விரிப்பாக்கும் உறைபனி இப்போது விலகிவிட்டது. விடியற்காலையில் மட்டும் நீர்ப்பனி.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் பொழுது வகுத்தபோது, மலைநிலமான குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்தது. பின்பனியை யாருக்குக் கொடுத்தது? பாலைக்கு. வேனிலோடு பின்பனியும் பாலைக்கு உரியது என்கிறது. பாலையின் உரிப்பொருள் என்ன? பிரிவு. அந்த இலக்கணம் காதலர்களுக்காக எழுதப்பட்டது, வாலாட்டிக்காக அல்ல. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் மாசி பங்குனியில் பைனாகுலரோடு இந்தச் சரிவுகளில் நடக்கும்போதெல்லாம், பொழுதைச் சரியாகத்தான் வகுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வசந்தம் என்றதும் நாம் படித்த கதைகளும் பார்த்த சினிமாவும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன. பனி உருகும், மரம் துளிர்க்கும், பறவைகள் திரும்பி வரும். காஷ்மீரில் அது உண்மை. நம் மலையில் மரங்கள் மொட்டையாக நிற்பதில்லை. சோலை ஆண்டு முழுவதும் பச்சைதான். கொழுந்துகள் சிவப்பும் செம்பும் கலந்து தலைகாட்டும், காட்டுப் பூவரசு இரத்தச் சிவப்பாகப் பூக்கும், அவ்வளவே. பறவைகளோ திரும்பி வருவதில்லை, திரும்பிப் போகின்றன. அங்கே வசந்தம் வரவு, இங்கே செலவு. பழந்தமிழில் செலவு என்றாலே பயணம்தானே!

இந்த வரவையும் செலவையும் ஒரே கணக்கில் எழுதும் பறவை ஒன்று உண்டு: காஷ்மீர் ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. கோடையில் காஷ்மீர், பீர் பஞ்சால் மலைக்காடுகளில் கூடு கட்டும். குளிர்காலத்தில் அது தங்கும் இடங்கள் உலகத்திலேயே குறைவு. ஒன்று இலங்கையின் மத்திய மலைநாடு. நுவரெலியாவில் விக்டோரியா பூங்காவுக்கு இந்தப் பறவையைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். மற்றொன்று நம் மேற்குத்தொடர்ச்சி மலை, குறிப்பாக உதகைப் பக்கம். அழியக்கூடிய ஆபத்தில் உள்ள இனங்களின் வரிசையில் இதுவும் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து காஷ்மீருக்கு நேர்கோட்டில் சுமார் 3000 கிலோமீட்டர். உதகையிலிருந்து 2500.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் காலை. உதகையில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக் கொல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சோலையின் ஓரம். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தரையில் கிடந்த சருகுகளின் மேல் ஓர் ஆண் பறவை இறங்கியது. இறக்கையைச் சற்றே தளரவிட்டு, வாலைச் சுருக்கென்று மேலே தூக்கியது. கறுத்த வாலின் அடியில் இருபுறமும் வெள்ளைத் தீற்றல். தொண்டையும் மார்பும் செங்கல் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சுக்கு இருபக்கமும் மையால் கரை கட்டியதுபோல் கறுப்புக் கோடு. ஒரு புழுவை எடுத்தது, தாழ்ந்த கிளையில் ஏறியது, மறுபடி இறங்கியது. பத்து நிமிடத்தில் எத்தனை முறை இறங்கியது என்று எண்ணி எனக்கு அலுத்துப்போயிற்று. அவ்வளவு அவசரமாகத் தின்றதற்குக் காரணம் இருக்கிறது. வலசை கிளம்புமுன் சிறு பறவைகள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அதுதான் அவற்றின் கட்டுச்சோறு. என் தேநீர் ஆறிப்போனதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "சார், அது போகட்டும், நீங்க குடிங்க" என்றார். அடுத்த வாரம் போனபோது அது போயிருந்தது. எந்த நாள் போனது? அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கிளம்ப வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது? குளிர் குறைந்ததா? இல்லை, சில ஆண்டுகள் மார்ச்சில் இங்கே நல்ல குளிர் இருக்கும், அப்போதும் போகிறது. பறவையின் உடலுக்குள் ஆண்டுக்கணக்கு காட்டும் ஒரு கடிகாரம் இருக்கிறது. வலசைபோகும் கதிர்க்குருவிகளைப் பகலும் இரவும் மாறாத அறையில் வளர்த்துப் பார்த்தார்கள். வெளியே என்ன மாதம் என்று தெரியாத அந்தப் பறவைகளும் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை இறகு மாற்றின. வலசைக் காலத்தில் இரவெல்லாம் கூண்டுக்குள் தவித்தன. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து நேரம் திருத்துவது பகலின் நீளம். ஸ்ரீநகரில் குறுகிய பகல் சுமார் 10 மணி நேரம், நீண்ட பகல் 14 மணிக்கு மேல். உதகையில் 11½ மணியிலிருந்து 12¾ மணிவரை. வித்தியாசம் ஒன்றேகால் மணிதான். நாம் கவனிக்காத அந்த மாற்றத்தைப் பத்துக் கிராம் எடையுள்ள ஒரு பறவை கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பயணத்துக்கு ஆயத்தமாவதை வெளியிலிருந்தும் பார்க்கலாம். என் ஓடை வாலாட்டிக்கு வருவோம். குளிர்காலத்தில் அதன் தொண்டை வெள்ளை. பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் பார்த்தால் தொண்டையில் கரித்தூள் சிந்தியதுபோல் சில புள்ளிகள் தெரியும். பத்து நாளில் புள்ளிகள் திட்டாகும். ஏப்ரலுக்குள் ஆண் பறவையின் தொண்டை முழுக்கக் கறுத்துவிடும். அது கல்யாண உடுப்பு. நம் சாக்கடையோரம் உடுத்திக்கொண்டு, முகூர்த்தத்துக்கு இமயம் போகிறது. இதைப் பார்க்க விலையுயர்ந்த பைனாகுலர் வேண்டாம். தினமும் அதே இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இருக்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஏனென்றால் விருந்தாளி மூட்டை கட்டும் அதே வாரத்தில்தான் வீட்டுக்காரர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்.

நீலகிரிச் சிரிப்பானை உங்களில் பலர் பெயர் தெரியாமலே அறிவீர்கள். தவிட்டுப்பழப் புதருக்குள்ளிருந்து ஒன்று சிரிக்கத் தொடங்கும். அதைக் கேட்டு இன்னொன்று, பிறகு முழுக் கூட்டமும். வெள்ளைப் புருவம், துருச்சிவப்பு வயிறு. உலகத்தில் இது வாழ்வது நீலகிரியின் மேல்மலைகளையும் அவற்றை ஒட்டிய மலைகளையும் மட்டுமே நம்பி. பிப்ரவரியிலேயே கூடு வேலையைத் தொடங்கிவிடும். புதரில் கிண்ணம் போன்ற கூடு, பெரும்பாலும் இரண்டு வெளிர்நீல முட்டைகள். தோட்டங்களில் கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் செடிக்குள் கூட்டைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போன அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் பறவையியல் படித்தவர்கள் அல்ல.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கொடைக்கானல் பக்கம் போனால் இதே குடும்பத்தில் வேறொரு சிரிப்பான் இருக்கிறது. சோலைக்கிளியும் அப்படித்தான், கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே ஓர் இனம். சோலைக்கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைக்காதீர்கள். மலையாளத்தில் கிளி என்றால் எந்தச் சிறுபறவையும்தான். சோலையின் இருட்டில், தரையோடு தரையாகத் தத்தித் திரியும் கருநீலப் பறவை இது. 2017-இல் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள், இவற்றுக்கு வேறெங்கும் நெருங்கிய உறவு இல்லை என்று கண்டு புதிய பேரினப் பெயர் சூட்டினார்கள்: ஷோலிகோலா. சோலையில் வாழ்வது என்று பொருள். நம் சோலை அறிவியல் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது சோலைக்கிளியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். மேல்மலையின் குளிரை விட்டு இறங்க முடியாத சோலைக்கிளி, பல லட்சம் ஆண்டுகளாக அந்தப் பள்ளத்தைத் தாண்டவில்லை. அதே சோலையின் ஓரத்தில் சருகு கிளறும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஆண்டுக்கு இருமுறை 2500 கிலோமீட்டர் பறக்கிறது. ஒன்றுக்கு இந்த மலை உலகம் முழுவதும். மற்றொன்றுக்கு இது சத்திரம். ஒரே மரத்தடியில் இரண்டும் புழு தின்கின்றன.

காதால் பார்க்கும் மாற்றமும் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் சோலையில் வேறுவேறு இனப் பறவைகள் கூட்டாக இரை தேடும். அரைமணி நேரம் காடு ஊமையாக இருக்கும். திடீரென்று நாலாபக்கமும் சத்தம், இருபது முப்பது பறவைகள், ஐந்து நிமிடத்தில் கூட்டம் கடந்துபோய்விடும். மாசி கடைசியில் இந்தக் கூட்டங்கள் கலையத் தொடங்கும். பச்சைக் கதிர்க்குருவி போன்ற வெளியூர்க்காரர்கள் கிளம்பத் தயாராகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து ஆளுக்கொரு மூலை பிடிக்கிறார்கள். அப்போது பாட்டு தொடங்கும். குளிரில் வாய்மூடிக் கிடந்த சீகார்ப் பூங்குருவி ஓடைப் பாறையில் நின்று, ராகம் முடியத் தெரியாத பையன் சீட்டியடிப்பதுபோல் அடிக்கும். அதைக் கேட்டால் இளவேனில் வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். பறவை பார்க்கத் தொடங்கிய புதிதில், ஒரு சோலையோரம் கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானின் கூட்டைக் கண்டுபிடித்தேன். இடுப்புயரப் புதரில், காய்ந்த பெரணி இலைகளை உருண்டையாகச் சுற்றிய கூடு. இரண்டு முட்டை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் நின்ற இரண்டு கொப்புகளை வளைத்து ஒதுக்கினேன். தினமும் போய் நின்றேன். நான்காம் நாள் கூடு கிழிந்து கிடந்தது, முட்டைகள் இல்லை. காகமோ, செண்பகமோ, கீரியோ, எது தின்றது என்று பார்க்கவில்லை. ஆனால் வழிகாட்டியது யார் என்று தெரியும்.

அதனால் இளைஞர்களிடம் ஒன்று சொல்கிறேன். இப்போது எல்லோர் கையிலும் செல்போன். பறவையின் குரலைப் போட்டுக் காட்டினால் பறவை வெளியே வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். அது உங்களைப் பார்க்க வருவதில்லை. எதிரி வந்துவிட்டான் என்று பதறி, கூட்டை விட்டுச் சண்டைக்கு வருகிறது. மாசி முதல் ஆனி வரை அந்தப் போனை ஜேபியிலேயே வைத்திருங்கள். கூட்டைப் படம் எடுக்காமல் வருவதும் ஒரு திறமைதான்.

போகிற பறவை அடுத்த செப்டம்பரில் வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான் நாம் வழியனுப்புகிறோம். திரும்பி வர இடம் வேண்டும். இருக்கிற பறவைக்கும் இடம் வேண்டும். புல்வெளியில் வாழும் நீலகிரி நெட்டைக்காலிக்குச் சோலையும் உதவாது, சீகையும் உதவாது, கற்பூர மரமும் உதவாது; அதற்குப் புல் வேண்டும். வெள்ளைக்காரர்கள் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து மரம் நட்டார்கள். நாமும் அதே நினைப்பில் தொடர்ந்தோம். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் மலை முன்பைவிடப் பச்சையாகத் தெரியும். புல்வெளிகளும் சொல்லிக்கொள்ளாமல்தான் போயின. அவற்றைக் கடைசியாகப் பார்த்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். 2007-இல் இந்தியாவில் வலசைப் பறவைகளுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். பறவை ஆர்வலர்கள் தங்கள் ஊரில் முதலில் பார்த்த நாளையும் கடைசியாகப் பார்த்த நாளையும் அனுப்பினார்கள். ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், இல்லத்தரசிகள் எழுதிய தேதிகள். இப்போது பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பில் நம் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சேர்கிறார்கள். வெயில் ஏற ஏறப் பறவைகளின் நாள்காட்டி நகர்கிறதா என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், பதில் சொல்லப்போவது இந்தத் தேதிகள்தான். அதில் ஒரு நிபந்தனை உண்டு. பார்த்ததை மட்டும் எழுதினால் பாதிக் கணக்கு. "போனேன், நின்றேன், இல்லை" என்பதையும் எழுத வேண்டும். அந்த "இல்லை" வரிசையாக ஐந்தாறு வந்தால்தான், அதற்கு முந்தைய "இருந்தது" என்ற சொல் கடைசி நாளாக மாறும்.

ஆகவே நான் கேட்பது பெரிய உதவி இல்லை. ஓர் ஓடை, ஒரு வேலி, ஒரு மரம், ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பால் வாங்கப் போகும்போது ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழைய நாள்காட்டியின் கட்டத்துக்குள் ஒரு சொல் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் "மஞ்சள் வயிறு, வாலாட்டுது" என்று எழுதினாலும் போதும். பெயர் பின்னால் வந்து சேரும்.

இன்று காலை ஆறே முக்காலுக்கு ஓடைக்குப் போனேன். பனிமூட்டத்தில் அக்கரை தெரியவில்லை. முதலில் குரல் கேட்டது, பிறகு அந்த வால். தொண்டை பாதி கறுத்திருந்தது. "இருந்தது" என்று எழுதிவிட்டு வந்தேன். அதுதான் கடைசி நாளா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. தலைவர் இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று சைகை காட்டுகிறார். ஐயா, மன்னிக்க வேண்டும். நாளைக் காலையும் நான் சீக்கிரம் எழுந்தாக வேண்டும்.